நாற்பது நிமிடம்

எங்கள் கட்டடத்தில் ஏசிக்காரர் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. என் வீட்டுக்கு நேர் எதிர். இரண்டு வீட்டுக் கதவும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். என் நாற்காலியில் இருந்தபடியே அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த வீட்டில் மூன்று பேர். ஏசிக்காரர் பத்தொன்பது வருடமாகக் குளிர்சாதன மெஷின்களை மாட்டவும் கழற்றவும் பழுது பார்க்கவும் செய்துவந்தார். அவர் மனைவி ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் கான்டீனில் தலைமைச் சமையல்காரி. மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மாமாவோடுதான் வேலைக்குப் போய்வந்தான். அவனை எல்லோரும் அவசரம் என்று கூப்பிடுவோம். படியை இரண்டிரண்டாகத்தான் ஏறுவான். சோற்றை மென்று தின்று யாரும் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்தால் குழாய் சொட்டும். அறையை விட்டுக் கிளம்பினால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அக்காக்காரி பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைப்பாள்.

"ஏழே மாசத்துல பொறந்தவன்தானே நீ. இன்னும் கொஞ்ச நாள் உள்ள இருக்கப் பொறுமையில்ல உனக்கு."

"உள்ள ஒரே புழுக்கம்க்கா."

அவளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. நானூறு பேருக்குச் சமைக்கிறவள் என்பதால் வந்த குணம். பருப்பை முதல்நாளே ஊறவைத்துவிடுவாள். மூடி போடாமல் எந்தப் பாத்திரமும் அடுப்பில் ஏறாது. சோறு முக்கால் வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மீதியை அதன் சூட்டிலேயே வேகவிடுவாள். காய் கழுவிய தண்ணீர் பால்கனித் தொட்டிக்குப் போகும். பூமி சூடாகிறது என்று அவள் பேசி நான் கேட்டதில்லை. அதைப் பேசியது ஏசிக்காரர்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏசிக்குப் போடுகிற கேஸை விற்கிற டீலர் அவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் பொறியாளர் பாடம் எடுத்திருக்கிறார். பழைய மெஷினைக் கழற்றும்போது அதற்குள் இருக்கிற கேஸை மெக்கானிக்குகள் வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடுவதுதான் வழக்கம். புஸ்ஸென்று போய்விடும். நெடி இல்லை, புகை இல்லை, யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்படி விடுகிற ஒரு கிலோ, ஒரு கார் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி விடுகிற புகைக்குச் சமம் என்று அந்த அம்மா பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினாராம். கேஸை விடாமல் உறிஞ்சிச் சிலிண்டரில் பிடித்து டீலரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம் ஆகும்.

ஏசிக்காரர் திரும்பி வந்து மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது, "பதினாலு வருஷத்துல எத்தனை யூனிட்டைத் திறந்து விட்டிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன். நாம ஊரைக் குளிர வெக்கிறோம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மறுவாரம் அந்த உறிஞ்சுகிற மெஷினில் பழையது ஒன்றை வாங்கி வந்தார். பெட்டி போல இருக்கும், தூக்கினால் தோள் இறங்கும் கனம்.

அவசரத்துக்கு அது பெரிய தண்டனையாகிவிட்டது.

"மாமா, ஊர்ல எல்லாரும் மூணு நிமிஷத்துல முடிச்சிட்டு டீ குடிக்கப் போறான். நாம மட்டும் இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல காவல் உக்காந்திருக்கணுமா?"

"உக்காரு."

"உக்காந்து?"

"ஒண்ணும் பண்ணாத. அதான் வேலை."

"எனக்கு அந்த வேலை மட்டும் வராது மாமா."

முதல் வருடம் திட்டிக்கொண்டே குழாயை மாட்டினான். இரண்டாம் வருடம் திட்டாமல் மாட்டினான். மூன்றாம் வருடம் பக்கத்து மாடியில் வேறொரு மெக்கானிக் கேஸைத் திறந்து விட்டபோது சுவரேறிக் குதித்துப் போய் அவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். யாரும் பார்க்காத நேரத்திலும் அவன் வால்வைத் திறப்பதில்லை என்று ஏசிக்காரர் என்னிடம் ஒருமுறை சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

ஐந்தாம் வருடம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. தொடர்ந்து பதினோராவது நாள் நாற்பத்து மூன்று டிகிரி. அன்று ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அவர்களுக்கு வேலை. ஏழு யூனிட். ஏழிலும் கம்ப்ரசர் எரிந்து போனவை. சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்து தரவேண்டும் என்று கட்டடக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். தரையில் பூசியிருந்த தார் இளகி, செருப்பு ஒட்டிக்கொண்டு வந்ததாம். பன்னிரண்டு மணிக்கு மூன்று யூனிட் முடிந்தது. சிலிண்டர் நிறைந்துவிட்டது. கையில் மிச்சம் காலி சிலிண்டர் ஒன்றுதான். மீதி யூனிட்டுக்குப் போதாது என்று ஏசிக்காரர் நிறைந்ததை எடுத்துக்கொண்டு டீலரிடம் போனார். டீலர் கடை சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது. நிழலில் நின்றார்.

திரும்பி வந்தபோது மணி இரண்டேகால். காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ நிழல். அதில் அவசரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேலே சட்டை இல்லை. சட்டை சிலிண்டர்மேல் விரித்துக் கிடந்தது. சிலிண்டர் சூடேறினால் உறிஞ்சுவது மந்தமாகிவிடும், அதனால் ஈரத்துணி போடுவார்கள். இரண்டு குடிதண்ணீர் பாட்டிலும் காலி. உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டால் அடுப்புமேடை போல் சுட்டது.

"மாப்ள."

"இறங்கணும் மாமா. ஸ்டாப்பிங் வந்துருச்சு" என்றானாம். பஸ்ஸில் போவதாக நினைத்திருக்கிறான்.

மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அவள் அழவில்லை. நாங்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் எழுந்து போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். யாராவது எதையாவது சொன்னால் "ஆமா" என்றாள். ஒன்பதாம் நாள் கான்டீனுக்குப் போய்விட்டாள். "வீட்ல இருந்து என்ன பண்ண? அங்க நானூறு தட்டு காத்திட்டிருக்கு" என்றாள் என்னிடம். முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் எப்போதும் போல வேலை செய்தது. பருப்பை ஊறவைத்தது, மூடியைப் போட்டது, அடுப்பை நேரத்துக்கு அணைத்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியது. தம்பியின் அறையில் ஃபேன் பகல் முழுக்கச் சுற்றியது. அவள் அணைக்கவில்லை. ஏசிக்காரரும் அணைக்கவில்லை. யார் போட்டது என்று அவர்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் எனக்குத் தட்டு வைத்திருந்தார்கள். சோறு, பருப்பு, அவித்த முட்டை. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்த கேஸைத் திறந்து விட்டா எவ்வளவு நேரம் ஆகும்?"

ஏசிக்காரர் கை நின்றது. "ஒரு யூனிட்டுக்கா?"

"ம்."

"மூணு நிமிஷம்."

"பிடிச்சா?"

"நாப்பது. அன்னிக்கு இருந்த சூட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கும்."

அவள் தலையாட்டினாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றார்.

நான் மிச்சமிருந்த முட்டையைத் தின்று முடித்துத் தட்டை எடுத்தேன்.

அடுத்த நாளிலிருந்து அந்தப் பெட்டி மெஷின் கட்டிலுக்கடியில் போய்விட்டது. ஏசிக்காரர் தனியாக வேலைக்குப் போனார். போன இடத்தில் வால்வைத் திறந்தார், கேஸ் போனது, யூனிட்டைக் கழற்றினார், வந்துவிட்டார். முன்பு சாயங்காலம் வரை இழுக்கும் வேலை மத்தியானமே முடிந்தது. வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். எதிரே டிவி ஓடாது. கேட்டால், "இல்ல, சும்மா" என்பார். அவரிடம் கேஸ் வாங்கிக்கொள்ளும் டீலர் ஒருநாள் வீட்டுக்கே போன் செய்து, சிலிண்டரே வரக்காணோமே என்று விசாரித்தார். "இப்பல்லாம் அந்த மாதிரி வேலை வரலீங்க" என்றார் ஏசிக்காரர். எனக்குக் கதவு வழியாகக் கேட்டது. அவர் பொய் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

வெயில் தணிந்தது. ஒரு மாதம் மழை பெய்தது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி எங்கள் படிக்கட்டுச் சுவர் ஊறியது. பெய்தால் கொட்டுகிறது, காய்ந்தால் கொளுத்துகிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்று கீழ்வீட்டு டைப்பிஸ்ட் புலம்பிக்கொண்டே வாளி வைத்தார். எதிர் வீட்டில் யாரும் எதற்கும் புலம்பவில்லை.

மழை நின்ற பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பிற்பாடு அவளே எனக்குச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

தம்பியின் போன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையிலேயே கிடந்தது. அவன் படம் ஏதாவது இருக்குமா என்று ஒருநாள் சார்ஜ் போட்டுத் திறந்திருக்கிறாள். படம் அதிகம் இல்லை. எல்லாம் யூனிட் நம்பர் பலகைகள். கடைசியாக யாருக்குப் பேசினான் என்று பார்த்திருக்கிறாள். ஏசிக்காரர் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு அம்பத்திரண்டுக்கு அவன் உங்களுக்குப் பேசியிருக்கான்."

அவர் துண்டை இறக்கினார். "ஆமா."

"நீங்க சொல்லவே இல்ல."

"இல்ல."

"என்ன பேசினான்?"

"மெஷின் திணறுதுன்னான்."

"அப்புறம்?"

"சிலிண்டர் சூடாயிருச்சு, இழுக்க மாட்டேங்குதுன்னான்."

"அப்புறம்?"

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக் கழுத்து நனைந்துவிட்டதாம்.

"திறந்து விட்ரவா மாமான்னு கேட்டான்."

"கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னேன். ஈரத்துணி போடு, நான் அரை மணியில வந்துடறேன்னேன்."

"அவன்?"

"சரி மாமான்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. வெச்சிட்டான். இருபத்தெட்டு செகண்டு."

"அரை மணின்னு சொல்லிட்டு எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ரெண்டேகால்."

அவள் போனை மேசைமேல் வைத்தாள். அடுக்களைக்குப் போனாள். ஊறின பருப்பை வடிகட்டி அடுப்பில் வைத்து மூடினாள். தம்பி அறைக்குப் போய் ஃபேனை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பதினேழு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், டப்பாவில் கட்டிக் கொடுப்பாள், சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். பேச்சு மட்டும் கிடையாது. அவரும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தமும் எடுக்கிற சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அந்தப் பதினேழாவது நாளில் நான் இருந்தேன். என் வீட்டில்தான் நடந்தது.

என் ஏசி பழசு. பன்னிரண்டு வருடம். குளிர்வதை நிறுத்திவிட்டு, குலுங்குவதை மட்டும் பிடிவாதமாகச் செய்துகொண்டிருந்தது. கழற்றிவிடலாம் என்று ஏசிக்காரரைக் கூப்பிட்டேன். வெளி யூனிட் என் பால்கனிக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் பெல்ட் கட்டி இறங்கிக் கழற்ற வேண்டும், உள்ளேயிருந்து ஒருவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் அதைப் பிடிக்கிறவன் இப்போது இல்லை. எனக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை, கான்டீன் விடுமுறை. "நான் பிடிக்கிறேன்" என்று அவள் என்னிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. வந்து கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டு கால் ஊன்றி நின்றாள். இருபத்தைந்து கிலோ சோற்றுக் குண்டானை இறக்குகிற கை அது.

அவர் சட்டத்தில் இறங்கி உட்கார்ந்தார். திருகுசாவியை வால்வில் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ்."

"எங்க போகுது?"

"வெளியில."

"மூடுங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"மூடுங்கன்னு சொல்றேன்ல."

மூடினார். சத்தம் நின்றது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அவன் போனதுக்கப்புறம்தான்."

"ஏன்?"

"நீதானே கேட்ட. திறந்து விட்டா எவ்வளவு நேரம் ஆகும்னு."

"கேட்டேன். திறந்து விடச் சொன்னேனா?"

"நான் அப்படித்தான் புரிஞ்சுகிட்டேன். அன்னிக்கே சரின்னு சொல்லியிருந்தா அவன் இறங்கி வந்திருப்பான். ஒரு கிலோ காத்து. அதுக்காக..."

மூன்றாவது மாடிக்கு வெளியே தொங்கிக்கொண்டு, திருகுசாவியைப் பிடித்தபடி இருந்தார். அவள் கயிற்றைத் தளர்த்தவில்லை.

"எங்க கான்டீன்ல ஒருத்தி விழுந்தாளே, தெரியுமா" என்றாள். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி. வெயில் மாசம். மத்தியானம் பன்னெண்டு மணி. சோத்துக் குண்டானுக்குப் பக்கத்துல அப்படியே சரிஞ்சா. நல்ல வேளை, பின்பக்கம் விழுந்தா. அப்புறம் என்ன பண்ணினோம்? சோறு ஆக்கறதை நிறுத்திட்டமா? நாலு மணிக்கு அடுப்பைப் பத்த வெச்சு எட்டு மணிக்கு எல்லா அடுப்பையும் அணைச்சோம். பெரிய பொட்டியில மூடி வெச்சா மத்தியானம் வரைக்கும் சூடு நிக்குது. கேஸும் மிச்சம், ஆளும் மிச்சம். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்."

"அது சமையல்."

"எல்லாம் சமையல்தான். அவன் செத்தது அந்த பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்ததுனாலயா? ஒரு மணி வெயில்ல உக்காந்ததுனால. அந்த வேலையை ஒன்பதரைக்கு யாரு ஆரம்பிக்கச் சொன்னா? ஏழு யூனிட்டை ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்னு யாரு ஒத்துக்கிட்டா? ரெண்டு பாட்டில் தண்ணியோட ஒருத்தனை மாடியில விட்டுட்டு யாரு போனா?"

"நான்."

"நீங்கதான். அதை நான் மறக்கப் போறதில்ல. சும்மா சொல்ல மாட்டேன். ஆனா நீங்க தப்புப் பண்ணினது நேரத்துல. அதை விட்டுட்டு அவன் சரியாப் பண்ணின ஒரே வேலையை நிறுத்தியிருக்கீங்க."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவள்தான் என் பக்கம் திரும்பினாள்.

"கட்டிலுக்கடியில ஒரு பொட்டி இருக்கும். உங்களால இழுத்துட்டு வர முடியுமா? தூக்க வேண்டாம். தரையிலயே இழுங்க. நான் கயித்தை விட முடியாது."

முழங்காலைப் பார்க்காமல் போனேன். மிதியடியின்மேல் ஏற்றி என் பால்கனிப் படி வரை இழுத்து வந்தேன். அவர் குழாயை வாங்கி வால்வில் மாட்டிவிட்டு ஏறி வந்தார். பாதி கேஸ் போய்விட்டிருந்தது. மீதியைப் பிடிக்க இருபது நிமிடம் ஆனது. மூன்று பேரும் பால்கனித் தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டி இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் புது ஏசி வாங்கவில்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தடித்த துணிமறைப்பு ஒன்று போடச்சொல்லி ஏசிக்காரரே சொன்னார். "என் பொழைப்புக்கு நானே குழி தோண்டறேன்" என்றார். வெகுநாள் கழித்து அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிரிக்க அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் சட்டம்தான் நடந்தது. வெயில் மாதங்களில் வேலை விடிகாலை ஐந்துக்கு ஆரம்பிக்கும், பத்துக்கு முடியும். ஒரு நாளைக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் கிடையாது. கடைத்தெருவில் நடைபாதை வியாபாரிகள் நடுகிற பெரிய குடை ஒன்று வாங்கினார்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், சிலிண்டரை நனைக்கத் தனி வாளி. குடிக்கிற தண்ணீரை வாளியில் ஊற்றக் கூடாது. மாடியில் தனியாக யாரும் இருக்கக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத கட்டட மேனேஜர்கள் வேறு ஆளைப் பார்த்தார்கள். ஒருவர் போனில், "ஒரு ஏசியைக் கழட்ட இத்தனை சடங்கா?" என்று கேட்டாராம். "ஆமாங்க" என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் கான்டீனில் பின்நேர ஷிஃப்ட் இருக்கிற நாட்களிலும் அவளே கூடப்போனாள். மற்ற நாளில் டீலர் அனுப்பும் ஒரு நடுவயது ஆள் வந்தார்.

அவர்களுக்குள் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். சாவி எங்கே, குடையை மடக்கு, தண்ணி குடிங்க. மேலே போனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்த நடுவயது ஆள் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

மறு வருடம் எங்கள் கட்டடத்திலேயே ஒரு வேலை வந்தது. தரைத்தளத்து பல் மருத்துவர் தன் பழைய யூனிட்டுகள் நான்கை மொட்டை மாடியிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு நான் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். வெயிலுக்கு முன்னால் போட்டுவிட்டால் எட்டு மணிக்குள் காய்ந்துவிடும்.

குடை விரித்திருந்தது. வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இருவரும் குடைக்கடியில் கவிழ்த்த வாளிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் போர்வையைக் கொடியில் போட்டதும் அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இந்த நாப்பது நிமிஷம் நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள்.

அவர் சிலிண்டர்மேல் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"உக்காந்திருப்போம்."

"அவனா?"

"முதல்ல எந்திரிச்சு எந்திரிச்சு நடப்பான். அப்புறம் பழகிட்டான்."

"அஞ்சு வருஷமா, தினமும் நாலு தடவை. சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"பேசுவோம்."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்த பேசுவோம்... எல்லாந்தான். உன்னைப் பத்திக் குறை சொல்லுவான்."

"என்ன குறை?"

"நீ சின்ன வயசுல அவனைக் குளிப்பாட்டறப்போ கண்ணுல சோப்புப் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வெளியில நின்னு சிரிப்பியாம்."

"பொய்."

"அப்படித்தான் சொன்னான்."

"ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அதுவும் அவன் என் ஸ்கூல் பையில தவளையைப் போட்டதுக்கு."

"தவளையைப் பத்தி அவன் சொல்லல."

"சொல்ல மாட்டான். அதை எப்படிச் சொல்லுவான்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு அவ்வளவு புழுக்கம் இல்லை.

"வேற?" என்றாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ஒருத்தரைப் பத்தி யோசிச்சிட்டிருந்தான்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். என் பால்கனியில் கயிறு பிடித்த அன்றைக்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்து நான் பார்த்தது அப்போதுதான்.

"யாரு?"

"மருந்துக்கடையில பில் போடற அம்மா. உன்கிட்ட சொல்ல பயம். நான் சொல்லட்டுமான்னேன். அவசரப்படாதீங்க மாமான்னான்."

"அவனா சொன்னான்?"

"அவனேதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு மாறிவிட்டது. அவர் கையை நீட்டவில்லை. பக்கத்தில் இருந்தார். ஈரப் போர்வைக்குப் பின்னால் நான் அசையாமல் நின்றேன்.

பெட்டியின் சத்தம் மெலிந்தது. முதல் யூனிட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. அவர் எழுந்து வால்வை மூடினார், குழாயைக் கழற்றினார், அடுத்த யூனிட்டில் மாட்டி மெஷினைப் போட்டார். சிலிண்டர்மேல் துணியை நனைத்துப் போட்டார். வந்து அதே வாளியில் உட்கார்ந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.